4ஜி ரவுட்டர் வாங்கியும் நெட் இழுக்குதா? திருகோணமலை வீடுகளில எங்க பார்க்கோணும்

எங்கட பக்கம், உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு ஏரியாவில, கனக்க வீடுகளில இன்னும் பழைய டெலிபோன் செப்புக் கம்பியிலதான் நெட் வருது. அந்தக் கம்பியில ஓடுற ஏடிஎஸ்எல் 2 பிளஸ் பேப்பரில 24 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும், ஆனா அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில இருக்கிற வீட்டுக்கு, கம்பி நீளம் 4, 5 கிலோமீட்டர் தாண்டினால் 1, 2 எம்பிபிஎஸ்தான் மிஞ்சும், அதுவும் உப்புக் காத்துக்கு ஜொயின்ட் எல்லாம் பச்சை பிடிச்சுப் போய், மாரி மழை தொடங்கினால் போனைத் தூக்கினாலே கரகர எண்டு சத்தம், பிள்ளையள் சூம் வகுப்புக்கு இருந்தால் டீச்சற்ற முகம் அப்பிடியே உறைஞ்சு நிக்கும். அதால டவரில இருந்து நேரா வீட்டுக்கு வாற 4ஜி ரவுட்டருக்கு மாறுறது நல்ல முடிவுதான். உங்கட ஒழுங்கைக்குள்ள ஃபைபர் வந்திட்டால் யோசிக்காம அதை எடுங்கோ, அதுக்கு மேல ஒண்டும் இல்லை. ஃபைபர் வராத இடத்துக்கு இதுதான் வழி.

நான் மாறி நாலு வருசத்துக்கு மேல, சொந்தக்காரர் அக்கம்பக்கத்தவை எண்டு இருபது வீட்டுக்குக் கிட்ட போய் ரவுட்டர் வச்சுக் குடுத்திருக்கிறன், போன இடமெல்லாம் பார்த்த முதல் பிழை ஒண்டேதான். பழைய ரவுட்டர் இருந்த இடத்திலயே புதுசையும் வச்சிருப்பினம். பழசுக்கு டெலிபோன் சொக்கெட் எங்கயோ அங்கதான் இடம், வேற வழியில்லை. புதுசுக்கு சொக்கெட்டும் இல்லை ஒண்டும் இல்லை, காத்தில வாற சிக்னல்தான் அதுக்குக் கம்பி, ஹோல் மூலையில அலுமாரிக்குப் பின்னால வச்சால் அந்தக் கம்பியை நீங்களே வெட்டின மாதிரி. இதை மனசில வச்சுக்கொண்டு கீழ உங்களுக்கு என்ன நடக்குதோ அந்த இடத்துக்குப் போங்கோ.

எல்லாத்துக்கும் முதல் ஒரு வேலை

ரவுட்டரைத் திருப்பி அடியில பாருங்கோ, ஸ்டிக்கரில ஒரு அட்ரஸ் இருக்கும், கூடுதலா 192.168.8.1 அல்லது 192.168.1.1, பக்கத்திலயே யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். வைஃபையில கனெக்ட் பண்ணின போனில பிரவுசரைத் திறந்து அந்த நம்பரை அடிச்சு உள்ள போங்கோ. ஸ்டேட்டஸ், டிவைஸ் இன்ஃபோ, நெட்வேர்க் எண்டு ஒரு பக்கத்தில ரெண்டு இலக்கம் கிடைக்கும், ஒண்டு ஆர்எஸ்ஆர்பி, மற்றது எஸ்ஐஎன்ஆர். ரவுட்டர் முகப்பில எரியிற சிக்னல் லைட்டை நம்ப வேண்டாம், இந்த ரெண்டையும் நம்புங்கோ.

ஆர்எஸ்ஆர்பி எண்டது டவற்ற சத்தம் எவ்வளவு பலமா வந்து சேருது எண்டது. மைனஸில காட்டும். மைனஸ் 80ஐ விட நல்லா இருந்தால் அருமை, மைனஸ் 90 தொடக்கம் 100 பரவாயில்லை, மைனஸ் 110ஐத் தாண்டினால் கஸ்டம். எஸ்ஐஎன்ஆர் எண்டது அந்தச் சத்தம் எவ்வளவு தெளிவா கேக்குது எண்டது. 20க்கு மேல எண்டால் மிச்சம் நல்லது, 13க்கு மேல நல்லது, சைபருக்குக் கிட்ட வந்திட்டால் ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு நல்லா இருந்தாலும் ஸ்பீட் வராது. தேர்த் திருவிழா நேரம் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழ நிண்டு ஒராள் காதுக்குள்ள கத்தினாலும் விளங்காது தானே, அதே கதைதான்.

ரெண்டு இலக்கத்தையும் ஒரு துண்டில எழுதி வையுங்கோ, அதோட பிசிஐ எண்டு ஒரு நம்பர் இருக்கும், நீங்கள் எந்த செல்லை, அதாவது டவரின்ர எந்தப் பக்கத்து அன்டனாவைப் பிடிச்சிருக்கிறீங்கள் எண்டு காட்டுறது, அதையும் எழுதுங்கோ, பேண்டையும், எந்த அலைவரிசை எண்டதையும் எழுதுங்கோ.

ஸ்பீட் டெஸ்ட் அடிக்கடி அடிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம், 30 எம்பிபிஎஸ் வாற லைனில ஒரு டெஸ்டே 50 எம்பி அளவுக்குத் தின்னும். பத்துத் தரம் அடிச்சால் அரை ஜிபி. இலக்கத்தைப் பார்த்து இடத்தைத் தேடுங்கோ, கடைசியா ஒருக்கா டெஸ்ட் அடியுங்கோ.

“ரவுட்டருக்குப் பக்கத்தில நல்லா இருக்கு, அறைக்குள்ள போனால் இல்லை”

இது டவர்ப் பிரச்சினையே இல்லை, வைஃபை. ரவுட்டரில இருந்து ஒரு மீட்டரில கதிரையைப் போட்டு இருந்து பாருங்கோ, லாப்டொப் இருந்தால் லேன் வயரைக் குத்திப் பாருங்கோ. அங்க ஸ்பீட் வருதெண்டால் வெளிச் சிக்னல் சரி. எங்கட சீமெந்துக் கல்லுச் சுவருக்குள்ளால 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒழுங்காப் போகாது, ரெண்டு சுவர் தாண்ட செத்திடும். தூர அறைக்கு 2.4இல கனெக்ட் பண்ணுங்கோ, செட்டிங்ஸில சனலை ஓட்டோவில விடாம 1, 6, 11 மூண்டில ஒண்டை மாத்தி மாத்திப் பாருங்கோ, பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒரே சனலில நெருக்கிக்கொண்டு இருக்கும்.

இதில பிழைக்கிறது எங்க எண்டால், வைஃபை எல்லா அறைக்கும் வரோணும் எண்டு ரவுட்டரைத் தூக்கி வீட்டு நடுவில வைக்கிறது, அப்ப வெளிச் சிக்னல் செத்துப்போகும். ரவுட்டர் டவருக்கு வசதியான இடத்தில இருக்கட்டும். அங்க இருந்து ஒரு லேன் வயரை உள்ள இழுத்து, வீட்டு நடுவில இன்னொரு வைஃபை பெட்டியை வையுங்கோ. பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் சும்மா தானே கிடக்குது, அதில டிஎச்சிபியை, மற்றப் போன்களுக்கு ஐபி நம்பர் குடுக்கிற வேலையை, ஓஃப் பண்ணி, அதுக்குப் புது ரவுட்டரோட மோதாத ஒரு ஐபியைக் குடுத்து, லேன் ஓட்டையில வயரைக் குத்தினால் அதுவே அக்சஸ் பொயின்ட். காசு மிச்சம்.

“சிக்னல் ஃபுல்லாக் காட்டுது, ஆனா யூடியூப் சுத்துது”

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதோணும், ஏனெண்டால் எங்கட ஊரின்ர அமைப்புக்கே சொந்தமான பிரச்சினை இது.

போன வருசம் உவர்மலையில ஒரு மாமி வீட்டுக்குப் போனன். மேல் மாடி, உள்துறைமுகப் பக்கம் பெரிய யன்னல், தண்ணி முழுக்கத் தெரியும், அங்கால சீனக்குடாக் கரையும் தெரியும், ரவுட்டர் அந்த யன்னல் கட்டிலதான். கொண்டுவந்து பூட்டின பெடியன் சிக்னல் ஃபுல் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டானாம், மாமிக்கு கனடாவில இருக்கிற மகளோட வீடியோ கோல் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா அறுபடுது. உள்ள போய்ப் பார்த்தால் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 79, எஸ்ஐஎன்ஆர் 2. டவுன்லோட் 4 எம்பிபிஎஸ். பிசிஐ நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தன், அரை நிமிசத்துக்கு ஒருக்கா மாறுது, மூண்டு செல்லுக்கு இடையில அங்கயும் இங்கயும் பாயுது.

காரணம் இதுதான். தண்ணிக்கு மேல சிக்னலுக்கு மரமும் இல்லை வீடும் இல்லை, ஒரு தடையும் இல்லை, அதால துறைமுகத்துக்கு அங்கால இருக்கிற டவர், கொட்டியாரக்குடாவுக்கு அங்கால கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து டவர் எல்லாம் உயரமான இடத்துக்கு நல்லா வந்து சேரும். வந்து சேர்றது நல்லம் தானே எண்டு நினைப்பீங்கள். இல்லை. எல்லாம் ஒரே பேண்டில ஒரே நேரம் கதைக்கிறதால ஒண்டுக்கு மற்றது இரைச்சல். மேட்டில இருக்கிற வீட்டுக்கும் கடற்கரை ஓர வீட்டுக்கும் சிக்னல் குறைவு வருத்தம் இல்லை, கூட வாற வருத்தம். வெயில் காலத்தில காத்து அசையாத பின்னேரங்களில இது இன்னும் கூடும், சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கடலுக்கு மேல அடுக்கடுக்கா நிண்டு, கன தூரத்து சிக்னலைக் குழாய்க்குள்ளால மாதிரிக் கொண்டுவந்து விடும்.

அங்க நான் செய்தது சின்ன வேலைதான். ரவுட்டரை அந்த யன்னலில இருந்து எடுத்து வீட்டின்ர மற்றப் பக்கம், டவுன் டவர் இருக்கிற திசை அறைக்குக் கொண்டுபோய் வச்சன், ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 91க்கு இறங்கிச்சு, மாமி “ஐயோ தம்பி குறைஞ்சு போச்சு” எண்டு பயந்திட்டா. எஸ்ஐஎன்ஆர் 9. பிறகு குசினியில இருந்து கேக் போடுற பெரிய அலுமினியத் தட்டை வாங்கி, ரவுட்டருக்குப் பின்னால துறைமுகப் பக்கத்தை மறைக்கிற மாதிரி நிப்பாட்டினன், எஸ்ஐஎன்ஆர் 15. பிசிஐ ஒண்டிலயே நிண்டுது. டெஸ்ட் அடிச்சால் 27 எம்பிபிஎஸ். தட்டுக்குப் பதிலா பிறகு ஒரு தகரத் துண்டை வெட்டி சுவரில அடிச்சுக் குடுத்தன், அது இப்பவும் அப்பிடியே இருக்கு.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான். ரவுட்டரைக் கையில எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ள நாலு பக்கமும் போங்கோ, ஒவ்வொரு இடத்திலயும் வச்சு ஒரு நிமிசம் பொறுங்கோ, இலக்கம் உடன மாறாது. அரை மீட்டர் தள்ளினாலே வித்தியாசம் தெரியும், 2300 மெகாஹெர்ட்ஸில அலை நீளம் 13 சென்டிமீட்டர்தான், சுவரில பட்டுத் திரும்பி வாற அலை ஒரு இடத்தில சேர்ந்து பலமாகும், ஒரு சாண் தள்ளி ஒண்டை ஒண்டு அழிச்சிடும். நல்ல இடம் கிடைச்ச பிறகு ரவுட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிப் பாருங்கோ. எஸ்ஐஎன்ஆரைப் பிடியுங்கோ, ஆர்எஸ்ஆர்பி நாலைஞ்சு குறைஞ்சாலும் விடுங்கோ.

செட்டிங்ஸில பேண்ட் தெரிவு செய்யிற வசதி இருந்தால் அதையும் பாருங்கோ. இலங்கையில வீட்டு 4ஜிக்கு 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40 நிறைய ஓடுது, 1800 எண்டுற பேண்ட் 3உம் இருக்கு. 2300இல இடம் கூட, ஸ்பீட் கூட, ஆனா சுவருக்குள்ளால வர அவ்வளவு விருப்பமில்லை. 1800 உள்ள வரும், ஆனா அதில போன்காரர் எல்லாரும் நெருங்கிக்கொண்டு இருப்பினம். ஒவ்வொண்டா பூட்டி ஒரு நாள் பாருங்கோ.

“சிக்னலே குறைவு, மைனஸ் 110க்கு மேல ஏறுதில்லை”

நிலாவெளி உள்பக்கம், தம்பலகாமம் வயல் பக்கம் எண்டு டவர் தூரமான வீடுகளுக்கு. முதல் பார்க்கிறது கூரை. தகரக் கூரை, தகரச் சுவர், அலுமினியம் ஒட்டின வெப்பத் தடுப்புத் தாள், இவை சிக்னலை முழுசா மறைக்கும், ஓட்டு வீடு பரவாயில்லை. டவர் திசை தெரியாட்டி போனில செல் பார்க்கிற அப் ஒண்டைப் போட்டு வளவைச் சுத்தி நடந்து பாருங்கோ.

யன்னலில வச்சும் வரேல்லை எண்டால் வெளியில ஏத்தோணும். இதில கடையில போய் நீட்டு வயரோட அன்டனா வாங்கி ஏமாற வேண்டாம். மெல்லிசு அன்டனா வயர் ஒரு மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்குக் கிட்ட சிக்னலைத் தின்னும், 10 மீட்டர் இழுத்தால் அன்டனா எடுத்துத் தந்ததை வயர் திண்டு முடிச்சிடும். அதோட 4ஜிக்கு ரெண்டு வயர் வேணும், ஒண்டை மட்டும் குத்தினால் பாதி வேலைதான். காசு இருந்தால் வெளியில பூட்டுற யூனிட்டையே வாங்குங்கோ, மொடமே பெட்டிக்குள்ள கூரைக்கு மேல இருக்கும், கீழ வாறது லேன் வயர் மட்டும், கரண்டும் அதே வயரிலதான் போகும், 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், ஒரு சொட்டு சிக்னலும் வயரில குறையாது.

“மழை வந்தால் நெட் போகுது”

ஏடிஎஸ்எல் காலத்தில மழை எண்டால் கம்பி நனையுது எண்டு தெரியும். இப்ப கம்பி இல்லை, பிறகும் போகுது எண்டால் எல்லாரும் மழை சிக்னலை மறைக்குது எண்டு நினைக்கினம். 4ஜி ஓடுற 1800, 2300இல மழைத்துளி பெரிசா ஒண்டும் செய்யாது, மழை மறைக்கிறது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலதான். அப்ப காரணம் வேற.

இலக்கத்தைப் பாருங்கோ. மழைக்குள்ள ஆர்எஸ்ஆர்பி இறங்குது எண்டால் உங்கட பக்கம் பிழை, யன்னலுக்கு முன்னால நிக்கிற வேம்பு, மா இலை நனைஞ்சு மறைக்குது, இல்லாட்டி வெளி அன்டனா வயரின்ர ஜொயின்டுக்குள்ள தண்ணி. கூரை யூனிட்டின்ர லேன் பிளக்குக்குள்ள தண்ணி போனால் இலக்கம் காட்டுற பக்கமே திறக்காமப் போகலாம். ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் ரெண்டும் அப்பிடியே நிண்டு நெட் மட்டும் இல்லை எண்டால் டவரில கோளாறு, டவரில இருந்து அடுத்த டவருக்குப் போற மைக்ரோவேவ் லிங்க் கூடின அலைவரிசையில ஓடுறது, அதை மழை பாதிக்கும், அல்லது அந்த அடுத்த டவருக்குக் கரண்ட் இல்லை. நீங்கள் ஒண்டும் செய்யேலாது, பொறுக்கோணும்.

என்ர வீட்டில ரெண்டாவது மாரியில பிளக்குக்குள்ள தண்ணி போனதுதான் நடந்தது. ஏணி வச்சு ஏறி, கூரை யூனிட்டுக்குப் போற வயரின்ர பிளக்கைக் கழட்டினன், அதுக்குள்ள இருந்து ஒரு தேக்கரண்டி தண்ணி வடிஞ்சுது. பிளக்கின்ர எட்டு உலோகப் பல்லில நாலு பச்சைக் களிம்பு, ஒண்டு விரல் பட உடைஞ்சே போச்சு. வயர் மேல இருந்து நேரா பிளக்குக்குள்ள இறங்கிற மாதிரிப் பூட்டியிருக்கினம், தண்ணி வயரைப் பிடிச்சுக்கொண்டு நேரா உள்ள. வயரைப் பிளக்குக்குக் கீழால ஒரு வளையம் தொங்க விட்டு, கீழ இருந்து மேல ஏறிக் குத்துற மாதிரிச் செய்யோணும், தண்ணி அந்த வளையத்தின்ர அடியில சொட்டிப் போயிடும். பிளக்கைப் புதுசா அடிச்சு, இழுத்துச் சுத்தினால் தன்னோட தான் ஒட்டுற ரப்பர் டேப் சுத்தி, அதுக்கு மேல சாதாரண கறுப்பு டேப்பும் சுத்தினன். சாதாரண டேப் மட்டும் சுத்தினால் ஒரு கச்சான் காலத்து வெயிலில பசை உருகிக் கழண்டிடும். கடல் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீடுகள் வருசா வருசம் மாரிக்கு முதல், புரட்டாதிக்குள்ள, ஒருக்கா ஏறிப் பாருங்கோ.

இடி மின்னல் தொடங்கினால் ரவுட்டரின்ர கரண்ட் பிளக்கையும், வெளி யூனிட் இருந்தால் லேன் வயரையும் கழட்டுங்கோ. சுவிச்சை ஓஃப் பண்ணினது காணாது.

“பகல் நல்லம், இரவு ஏழு மணிக்குப் பிறகு செத்துப் போகுது”

டவரின்ர ஒரு செல்லில இருக்கிற ஸ்பீட்டை அந்த ஏரியா முழுக்கப் பங்கு போடுது, ஏழில இருந்து பதினொரு மணி வரைக்கும் எல்லாரும் வீட்டில. விடிய ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் அடிச்சு எழுதுங்கோ, இலக்கம் ரெண்டும் மாறாம ஸ்பீட் மட்டும் விழுந்தால் நெரிசல். வேற பேண்ட், வேற யன்னல், வேற செல் பிடிக்க முயற்சி செய்யலாம், அதுவும் சரிவராட்டி பக்கத்து வீட்டில வேற கம்பனி வச்சிருக்கிறவையிட்ட இரவு ஒன்பது மணிக்குப் போய் அவையின்ர ஸ்பீட்டைப் பார்த்திட்டு மாறுங்கோ. பகல் போய்ப் பார்த்திட்டு மாற வேண்டாம்.

பெரிய டவுன்லோட், போன் அப்டேட் எல்லாத்தையும் நடுச்சாமத்துக்குத் தள்ளுங்கோ, இரவு டேட்டா தனியாத் தாற பக்கேஜ் எண்டால், இல்லாட்டி அது சும்மா கிடந்து காலாவதியாகும்.

“வட்ஸ்அப் மெசேஜ் போகுது, வேற ஒண்டும் திறக்குதில்லை”

ரெண்டு காரணம். முதல் டேட்டா பலன்ஸைப் பாருங்கோ, முடிஞ்ச பிறகு சில பக்கேஜில லைனை வெட்டாம நல்லா மெதுவாக்கி விடுவினம், எழுத்து மட்டும் போகும். பலன்ஸ் இருந்தால் டிஎன்எஸ், வெப்சைட் பேரை ஐபி நம்பரா மாத்தித் தாற சேவை. ரவுட்டரில அல்லது போனின்ர வைஃபை செட்டிங்ஸில டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8 எண்டு மாத்துங்கோ.

“அடிக்கடி தானா ஓஃப் ஆகி ஓன் ஆகுது”

அடாப்டர். கூடுதலான ரவுட்டர் 12 வோல்ட், அம்பியர் எவ்வளவெண்டு ஸ்டிக்கரில இருக்கும், பழைய ஏடிஎஸ்எல் அடாப்டர் குத்து சரியா இருக்குது எண்டு மாத்திக் குத்தினால் இப்பிடி ஆகும், வோல்ட் சரியா இருந்தாலும் அம்பியர் காணாது. அடாப்டர் சரி எண்டால் சூடு, மேற்குப் பக்க யன்னலில கச்சான் நேரத்து வெயிலில பின்னேரம் மூண்டு மணிக்கு ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கோ, கை வைக்கேலாது. ஒரு திரையைப் போடுங்கோ, துணித் திரை சிக்னலை மறைக்காது. ரவுட்டருக்கு மேல பின்னல் விரிப்பு போட்டு பூச்சாடி வைக்கிற வழக்கம் வேண்டாம்.

கரண்ட் கட்டுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் டிசி யூபிஎஸ் வாங்கி வையுங்கோ. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாளுகளில டவர் பற்றறியே இறங்கிச்சு, அதுக்கு ஒண்டும் செய்யேலாது, ஆனா ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலக் கட்டுக்கு இது காணும்.

“லண்டனில இருந்து வீட்டுக் கமெராவைப் பார்க்கேலாமப் போச்சு”

ஏடிஎஸ்எல்லில போர்ட் திறந்து விட்டு பிள்ளையள் வெளிநாட்டில இருந்து பார்த்திருப்பினம், 4ஜிக்கு மாறின அண்டைக்கே நிண்டிருக்கும். ரவுட்டரின்ர வேன் ஐபியை, கம்பனி வெளிப்பக்கத்துக்குத் தந்த நம்பரைப் பாருங்கோ, 10இல தொடங்கினால், அல்லது 100.64இல இருந்து 100.127க்குள்ள எண்டால், கம்பனி ஒரு ஐபியைக் கனக்க வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கு, வெளியில இருந்து உங்கட வீட்டுக் கதவுக்கு நேரா வர ஏலாது. போர்ட் ஃபோர்வர்ட் எத்தினை தரம் போட்டாலும் வேலை செய்யாது, அதில மினக்கெட வேண்டாம். கமெராப் பெட்டியின்ர மெனுவில பீ2பீ அல்லது கிளவுட் எண்டு இருக்கும், அதை ஓன் பண்ணி கியூஆர் கோட்டைப் படமெடுத்து பிள்ளையளுக்கு அனுப்புங்கோ. அவையள் பார்க்கிற நேரம் முழுக்க உங்கட டேட்டாதான் போகும், சின்னப் படமா வைக்கச் சொல்லுங்கோ.

பழைய லைனை எப்ப வெட்டுறது

புது ரவுட்டர் வந்த கிழமையே வெட்ட வேண்டாம். ஒரு பெருமழை நாளையும், ஒரு சனி ஞாயிறு இரவையும், ஒரு நீண்ட கரண்ட் கட்டையும் தாண்டட்டும். வீட்டில வயசானவை இருந்தால், செப்புக் கம்பியில வயர்ப் போனுக்கு எக்ஸ்சேஞ்சில இருந்தே கரண்ட் வரும், வீட்டில லைட் போனாலும் டயல் டோன் இருக்கும், 4ஜி ரவுட்டரில குத்தின போனுக்கு அது இல்லை, அதால யூபிஎஸ்ஸை வச்சு, கரண்ட் பிளக்கைக் கழட்டி, அதில ஒரு கோல் எடுத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கோ. வெட்டப் போகேக்க பழைய நம்பரை எங்க எங்க குடுத்திருக்கிறீங்கள் எண்டு பாருங்கோ, வங்கி, கிளினிக் கொப்பி, பிள்ளையின்ர பள்ளிக்கூடம்.